மாரீஸ்வரி ஒத்திப்போட்ட மணி நேரங்கள்

கோவில்பட்டிக்கு மேற்கே, ரயில் பாதைக்கும் கருவேலங்காட்டுக்கும் நடுவே, நாலும் நாலுமாக எதிரெதிரே பார்த்து நிற்கும் எட்டு லைன் வீடுகளில் ஆறாவது வீட்டில், ஒரு புதன்கிழமை மத்தியானம், மாரீஸ்வரி கணக்குப் புத்தகத்தை மூடி, "நாளைக்கு வெள்ளன எந்திரிச்சுப் படிச்சுக்கிடலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டபோது, புத்தகத்தின் அடியிலிருந்து ஒரு கைப்பிடிப் பஞ்சு உதிர்ந்து சிமெண்டுத் தரையில் விழுந்தது. அவள் அதைக் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் பெருக்குவதை நாளைக்கு என்றுதான் வைத்திருப்பாள்.

மாரீஸ்வரியைச் சோம்பேறி என்று சொல்லிவிட்டால் பாவம். சோம்பேறிக்கு மனசாவது நிம்மதியாக இருக்கும். இவளுக்கு ஒரு நிமிஷம் நிம்மதி கிடையாது. எழுந்ததிலிருந்து படிக்கவேண்டுமே படிக்கவேண்டுமே என்ற ஒரே நினைப்பு, அந்த நினைப்பு தாங்காமல் கொஞ்ச நேரம் போனைப் பார்ப்பாள், போனைப் பார்த்த குற்றத்துக்குக் கொஞ்ச நேரம் அழுவாள், அழுத முகத்தைக் கழுவிப் பொட்டு வைத்துத் திரும்ப வந்து உட்காரும்போது வெயில் இறங்கியிருக்கும். இஞ்சினியரிங் நாலு வருஷம் முடிந்து மேலே ரெண்டு வருஷமும் ஓடிவிட்டது. கணக்கு இரண்டாம் தாள் என்ற ஒரே ஒரு அரியர் மட்டும் காலைச் சுற்றின பாம்பாகக் கடிக்காமல் விடமாட்டேன் என்று கிடந்தது. இந்த முறைதான் கடைசி வாய்ப்பு, இதிலும் போனால் பட்டம் கிடையாது, படித்த படிப்பு அத்தனையும் செல்லாது என்று காலேஜில் சொல்லிவிட்டார்கள். லைன் வீட்டுப் பெண்களைத் தீப்பெட்டி ஆபீசுக்கு ஏற்றிப்போகும் வேன்காரர் சங்கிலிராஜ், ஜன்னலோரச் சீட்டு ஒன்றைக் காலியாகவே வைத்திருந்தார். "உம் மகளுக்குத்தான் போட்டு வச்சிருக்கேன், பரீட்சை முடிஞ்ச மறுநாளே ஏறிக்கிடச் சொல்லு" என்று அவள் அம்மா சண்முகத்தாயிடம் நல்ல மனசோடுதான் சொன்னார். அந்த நல்ல மனசை நினைத்தால்தான் மாரீஸ்வரிக்குக் குலை நடுங்கியது.

பரீட்சைக்கு நாற்பத்தோரு நாள் இருந்தது. அவள் ஒன்றும் சும்மா இருந்துவிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, பிள்ளையார் சுழி போட்டு, ஆறு நிற ஸ்கெட்ச் பேனாவால் கட்டம் கட்டமாக டைம்டேபிள் எழுதி, நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சுவரில் ஒட்டினாள். திங்கட்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பது ராகு காலம், அதில் ஆரம்பித்தால் விளங்குமா என்று விட்டாள். ஒன்பதுக்குக் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது. செவ்வாய் வெறுவாய் என்பார்கள், அன்றைக்கும் தொடவில்லை. பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது என்று புதன்கிழமை குளித்து விபூதி இட்டு உட்கார்ந்தபோதுதான், டைம்டேபிளில் முதல் இரண்டு நாள் வீணாகிவிட்டதே, புதுசாக ஒன்று எழுதினால் என்ன என்று தோன்றியது. அந்தப் புதன்கிழமைதான் முதல் பஞ்சு விழுந்தது.

சாயங்காலம் ஏழு மணிக்கு வேன் வந்து இறக்கிவிட்ட சண்முகத்தாய் வீட்டைக் கூட்டும்போது அதைப் பார்த்தாள். காலை ஐந்துக்கு வேன் ஏறி, நாள் முழுக்கக் குச்சி அடைத்து, வந்து தண்ணீர் பிடித்துச் சோறு பொங்கி, பிறகு வீட்டில் உட்கார்ந்து லேபிள் ஒட்டி, நாலு மணி நேரம் தூங்கினால் அதிகம் என்று பத்து வருஷமாகக் காலம் தள்ளுகிறவள் அவள். புருஷன் லாரியோடு போனவர், ஆறு வருஷமாகப் போய்க்கொண்டே இருக்கிறார். எதையும் குப்பையில் போட அவளுக்குக் கை வராது. பஞ்சைத் தட்டி, சப்பிப்போன தலையணைக்குள் திணித்தாள். உலையை வைத்துவிட்டு, "ஏ மாரி, அடுப்பப் பாத்துக்க, அஞ்சு நிமிஷம் கண்ண மூடுறேன்" என்று தலையைச் சாய்த்தாள்.

எழுந்தபோது கன்னத்தில் பாய்த்தடம் பதிந்திருந்தது, வாயோரம் எச்சில் வடிந்திருந்தது, உடம்பு பஞ்சாய் லேசாகியிருந்தது. ஐயோ, சோறு குழைந்து போயிருக்குமே என்று பதறி ஓடினால் உலை இன்னும் கொதிக்கவே இல்லை. கடிகாரத்தில் ஏழு நாற்பது. படுத்தபோதும் ஏழு நாற்பதுதான். அடுப்படியில் நின்ற மாரீஸ்வரிக்குத் தான் நின்றது கண்சிமிட்டும் நேரம்தான் என்று பட்டது, ஆனால் ஒரு மணி நேரம் வரிசையில் நின்றவளைப்போல இரண்டு காலும் கடுத்தது. தலையணையைப் பிரித்துப் பார்த்தார்கள். பஞ்சைக் காணோம், ஒரு சிட்டிகைத் தூசிதான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் குழாயடியில் சண்முகத்தாய் சொன்னதும், யாரும் அதெப்படி என்று கேட்கவில்லை. எப்படி என்று கேட்க நேரம் உள்ளவர்கள் அந்த லைனில் குடியிருக்கவில்லை. எதிர்வீட்டுக் குருவம்மாள், எட்டு வீட்டுக்கும் தண்ணீர் வரிசை போட்டுக் கொடுக்கிற கட்டைக் குரல்காரி, இடுப்பில் குடத்தை வைத்தபடி ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இன்னைக்கு எத்தன விழுந்திருக்கு?"

"அஞ்சு" என்றாள் சண்முகத்தாய்.

"அப்ப தண்ணி வரிசைதான் இதுக்கும். ஒன்னாம் வீட்டுல இருந்து ஆரம்பிப்போம். சண்டை கிண்டைன்னு எவளும் எங்கிட்ட வரக்கூடாது."

இப்படியாக மாரீஸ்வரி வீணாக்கிய மணி நேரங்கள் லைன் வீட்டுக்குப் பொதுவாயின. வாசல் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு, எந்த வீட்டுக்கு எத்தனை போனது என்று குருவம்மாள் குறித்துவைத்தாள். சாயங்காலம் வேன் இறங்கியதும் கூடைப்பையைக்கூட வைக்காமல் பெண்கள் ஆறாவது வீட்டு வாசலுக்கு வந்து, மேசைக்கடியில் குனிந்து பொறுக்கி, முந்தானையில் முடிந்துகொண்டு போனார்கள். பட்டறிவில் சில விதிகளும் தெரிந்தன. ஒரு கைப்பிடிக்கு ஒரு மணி நேரம். தொடங்கிவிட்டால் பஞ்சு தீருகிறவரை நேரம் அசையாது, பாதியில் நிறுத்த வழி கிடையாது. தூங்குகிறவள் தூங்கும்போது அதே வீட்டில் விழித்திருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் எப்படி இருந்தார்களோ அப்படியே அந்த ஒரு மணி நேரமும் அவர்கள் உடம்பில் ஏறும். அதனால் தலையணை போடுமுன் வீட்டிலுள்ளவர்களை உட்காரச் சொல்லிவிட வேண்டும் என்று பழகிக்கொண்டார்கள். ஒன்னாம் வீட்டுக்காரி சொல்ல மறந்து, வாசற்படியில் ஒற்றைக்காலைத் தூக்கிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த அவள் புருஷன் மூணு நாள் நொண்டினான்.

பத்தே நாளில் லைன் வீட்டின் முகமே மாறிவிட்டது. கண்ணுக்கடியில் கருவளையம் போனது. ஐந்தாம் வீட்டு வெள்ளத்தாய், காற்றடித்தால் பறந்துவிடுவாள் போல ஒல்லியானவள், பதினொரு வருஷத்தில் முதல்முறையாக ஒரு கனவு கண்டாள். ஒரு பெரிய கண்மாய், நடுவில் ஒரு பரிசல், பரிசலில் அவளுக்குத் தெரியாத ஒருவர் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார். அதற்குள் ஒரு மணி நேரம் முடிந்துவிட்டது. அடுத்த முறை வந்தபோது கனவு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. வேனில் போகும்போது மற்றவர்கள், "பெறகு என்னாச்சு, யாருன்னு தெரிஞ்சுதா" என்று கேட்க, அவள் தவணை தவணையாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். பக்கத்துத் தெருக்காரர்கள் மோப்பம் பிடித்து வந்து விசாரித்தபோது, "அது வெறும் எலவம்பஞ்சு தாயி" என்று எட்டு வீடும் ஒரே வாயாகச் சாதித்தது.

மாரீஸ்வரியைத் தரையில் விடவில்லை. குருவம்மாள் பணியாரம் சுட்டு எடுத்துவந்து, "படிச்சுப் படிச்சு முகம் வாடிப் போச்சே, இத தின்னுட்டு செத்த நேரம் போனப் பாரு" என்றாள். காளியம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமை விளக்கு போடும்போது இரண்டு பெண்கள், அந்தப் பிள்ளை புத்தகத்தை மூடவேண்டும் என்று வேண்டிக்கொண்டதை அவளே காதால் கேட்டாள். ஊரில் ஒரு படிக்காத பிள்ளைக்கு இத்தனை மரியாதை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். பணியாரம் ருசியாகத்தான் இருந்தது. ஆனால் ஒவ்வொரு கைப்பிடிப் பஞ்சும் தரையில் விழும்போது அவளுக்கு நெஞ்சில் ஒரு படி சறுக்கியது. முன்பெல்லாம் போன நேரம் போன இடம் தெரியாது. இப்போது அது மேசைக்கடியில் வெள்ளையாகக் கிடந்து கண்ணில் குத்தியது.

ஒன்றிரண்டை எடுத்து உட்கார்ந்து படித்துவிடலாம் என்ற யோசனை அவளுக்கும் வராமல் இல்லை. ஆனால் அவர்கள் வீட்டுப் பங்கு அம்மாவின் பங்கு. அம்மாவின் தூக்கத்தைக் கேட்டு வாங்க அவளுக்கு வாய் வரவில்லை. எல்லார் முகமும் தெளிந்த பிறகும் அம்மாவின் கண் மட்டும் ஏன் இன்னும் செக்கச்செவேல் என்று இருக்கிறது என்று ஒருநாள் நினைத்தாள். கேட்கவேண்டும் என்றும் நினைத்தாள். அதையும் நாளைக்கு என்று வைத்தாள்.

பரீட்சைக்குப் பதினெட்டு நாள் இருக்கும்போது ஒருநாள் டைம்டேபிளைக் கிழித்துப் போட்டாள். போனை அரிசி வாளிக்குள் புதைத்தாள். நேரத்தைச் சின்னச்சின்னத் துண்டாக வெட்டிப் படித்தால் மனசு ஓடாது என்று எங்கோ வீடியோவில் பார்த்திருந்தாள். கடிகாரத்தைப் பார்த்தால் பயம் வருகிறது என்பதால், குக்கரில் வெறும் தண்ணீரை ஊற்றிச் சின்னத் தீயில் வைத்து, நாலு விசில் வரும்வரை எழுந்திருப்பதில்லை என்று சபதம் எடுத்தாள். நாலு விசில் படிப்பு, ஒரு விசில் ஓய்வு. எப்படியோ பிடித்துக்கொண்டது. மூன்று நாள், முழுசாக மூன்று நாள், லைன் வீடு முழுக்க விசில் சத்தம் கேட்டது. முதல் பாடத்தின் பாதி அவளுக்குப் புரிந்தே விட்டது. தரையில் ஒரு இழை பஞ்சு இல்லை.

மூன்று நாளும் சாயங்காலம் பெண்கள் வந்து மேசைக்கடியில் குனிந்து பார்த்துவிட்டு, வெறும் முந்தானையோடு போனார்கள். தூங்காமலே பழகின உடம்பு தாங்கும். தூங்கிப் பழகிவிட்டுத் தூங்காத உடம்பு தாங்காது. நாலாம் நாள் வெள்ளத்தாய் ஆபீசில் பெட்டி அடைத்துக்கொண்டே கண்ணயர்ந்தாள், கையிலிருந்த குச்சிக்கட்டு உரசிக் குப்பென்று பிடித்தது. வலது உள்ளங்கை முழுக்க வெந்து, வாழையிலையில் பொதிந்த கையோடு வேனிலிருந்து இறங்கினாள்.

யாராவது திட்டியிருந்தால் தேவலை. வெள்ளத்தாய் வாசலில் நின்று, "நீ படி தாயி, இதெல்லாம் ஆபீசுல சகஜம்" என்று சொல்லிவிட்டு இடது கையால் கதவைத் திறந்துகொண்டு போனாள். அந்தச் சொல்லை மாரீஸ்வரியால் தாங்க முடியவில்லை. மறுநாள் காலை அடுப்பில் குக்கரை வைக்கவில்லை. புத்தகத்தைத் திறந்து, உடனே மூடி, "நாளைக்குப் பாத்துக்கிடலாம்" என்று சத்தமாகச் சொன்னாள். ஒன்றும் விழவில்லை. திரும்பத் திறந்து திரும்ப மூடினாள். பத்துத் தடவை, இருபது தடவை, வேண்டுமென்றே பகல் முழுக்க விட்டத்தைப் பார்த்துப் படுத்துக்கிடந்தாள். தரை வெறுமனே கிடந்தது. அப்போதுதான் அதன் சூட்சுமம் அவளுக்குத் தெரிந்தது. படிக்கப்போகிறோம் என்று அவள் மனசார நம்பி உட்கார்ந்த நேரம்தான், நம்பிக்கை கெட்டுப் போகும்போது பஞ்சாக விழுகிறது. பொய்யாக ஒத்திப்போட்டால் விழாது.

அதற்குப் பிறகு அந்தப் பெண் பட்ட பாட்டை எதிரிக்கும் நினைக்கக்கூடாது. தினமும் மனசாரப் படிக்க உட்கார வேண்டும், தினமும் மனசாரத் தோற்க வேண்டும். ஜெயித்தால் வெள்ளத்தாயின் இன்னொரு கை, தோற்றால் வேனில் ஜன்னலோரச் சீட்டு. தோற்பதற்கு அவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு வாரத்தில் பழையபடி ஐந்தும் ஆறுமாக விழ ஆரம்பித்தது. லைன் வீடு திரும்பத் தூங்கியது. கண்மாயில் பரிசல் கரைக்குக் கிட்டே வந்துவிட்டதாக வெள்ளத்தாய் சொன்னாள். நாற்பத்தோரு நாளும் கரைந்து, திங்கட்கிழமை காலை பரீட்சை என்று ஆகி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு மாரீஸ்வரி ஒன்றேகால் பாடம் படித்தவளாக, மீதி மூன்றேமுக்கால் பாடத்தின் முன்னால், வாயில் முந்தானையைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சண்முகத்தாய் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து, தன்னுடைய பழைய நூல்சேலையில் தைத்த ஒரு தலையணையை எடுத்து வந்தாள். அது நிறைமாதமாக உப்பியிருந்தது.

"இந்தா. இருபத்தாறு இருக்கு."

மாரீஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு விளங்கியது.

"நீ தூங்கவே இல்லையாம்மா?"

"மொத நா ஒரு மணி நேரம் தூங்கினேன்ல. போதும். இத வச்சு உக்காந்து படி. காப்பி இந்தா." சண்முகத்தாய் தலையணையை நாற்காலியில் போட்டுவிட்டு, காப்பி டம்ளரை நீட்டியபடி மேசைப் பக்கம் குனிந்தாள்.

அந்தக் கண்ணைப் பார்க்க முடியாமல் மாரீஸ்வரி சட்டென்று தலையணைமேல் உட்கார்ந்துவிட்டாள். அம்மாவை உட்காரச் சொல்லவேண்டும் என்பது அவளுக்கு நினைவு வரவில்லை. மின்விசிறி நின்றது. தூரத்தில் கூவிக்கொண்டிருந்த ரயிலின் கூவல் பாதியில் அறுந்தது. சண்முகத்தாய் டம்ளரை நீட்டியபடி, இடுப்பு பாதி வளைந்தபடி, அப்படியே நின்றாள்.

இருபத்தாறு மணி நேரம். அத்தனை நேரத்தை மொத்தமாக மாரீஸ்வரி வாழ்க்கையில் பார்த்ததில்லை. நெஞ்சு முட்ட நிம்மதி வந்தது. இதை மட்டும் வீணாக்கக்கூடாது, ஒவ்வொரு மணியையும் ஒழுங்காகப் பிரித்துப் பயன்படுத்த வேண்டும் என்று மனசாரத் தீர்மானித்தாள். தீர்மானித்து, ஸ்கெட்ச் பேனாவை எடுத்து, பிள்ளையார் சுழி போட்டு, இருபத்தாறு மணி நேரத்துக்கு ஒரு டைம்டேபிள் எழுத ஆரம்பித்தாள். அது இரண்டு மணி நேரம் பிடித்தது. பிறகு மேசையைத் துடைத்தாள். பழைய நோட்டுகளை வரிசையாக அடுக்கினாள். அடுக்கும்போது காலேஜ் போட்டோ ஒன்று அகப்பட, அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சம் உட்கார்ந்தாள். இன்னும் நிறையத்தான் இருக்கிறதே, ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் தெளிவாக ஏறும் என்று தரையில் படுத்தாள். எழுந்தபோது காலடியில் ஒன்பது கைப்பிடிப் பஞ்சு கிடந்தது.

தொண்டை வறண்டிருந்தது. அம்மா கையிலிருந்து காப்பியை வாங்கலாம் என்று டம்ளரைப் பிடித்தாள். அது வரவில்லை. சுட்டது, ஆனால் வரவில்லை. அம்மாவின் விரல்கள் இரும்பாய்ப் பிடித்திருந்தன. அப்போதுதான் வளைந்த இடுப்பைப் பார்த்தாள். அடுப்படியில் தன் கால் கடுத்தது நினைவுக்கு வந்தது. ஒன்னாம் வீட்டுக்காரன் ஒரே ஒரு மணி நேரத்துக்கு மூணு நாள் நொண்டியதும் நினைவுக்கு வந்தது.

"யம்மா, உக்காரும்மா" என்றாள். தோளைப் பிடித்து அழுத்தினாள். இடுப்பைக் கட்டிப்பிடித்து நிமிர்த்தப் பார்த்தாள். கல்தூணை நிமிர்த்தினாலும் நிமிர்த்தலாம், சண்முகத்தாயை அசைக்க முடியவில்லை. தலையணையைத் தூக்கி மூலையில் எறிந்து பார்த்தாள், கடிகாரம் ஓடவில்லை. கதவைத் திறந்து குருவம்மாள் பெயரைச் சொல்லிக் கத்தினாள். வாசலில் ஒரு காக்கா அந்தரத்தில் நின்றது. உள்ளே வந்து அம்மா காலடியில் உட்கார்ந்து அழுதாள். அழுதுகொண்டே இருந்தவளுக்கு, தான் அழுகிற நேரமும் அந்த இடுப்பில்தான் ஏறிக்கொண்டிருக்கிறது என்று உறைத்தது. அழுகையைப் பாதியில் நிறுத்தினாள். இனிச் செய்வதற்கு அந்த வீட்டில் ஒன்றே ஒன்றுதான் பாக்கியிருந்தது.

பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, நேரம் அவிழும்போது விழுந்தால் தாங்கட்டும் என்று அம்மாவுக்குப் பின்னால் போட்டாள். புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அம்மா முகம் தெரிகிற மாதிரி எதிரே தரையில் உட்கார்ந்தாள். பதினேழு மணி நேரம். பானையில் இருந்த சோற்றை நின்றபடி இரண்டு வாய் அள்ளிப் போட்டதைத் தவிர வேறு எதற்கும் எழவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்ற நினைப்பு வராமல் இல்லை. வந்தது, ஈயைப்போல வந்து வந்து உட்கார்ந்தது. ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து அந்த இடுப்பைப் பார்ப்பாள். மறுபடி பென்சிலை எடுப்பாள். நாலு பாடம் முடிந்தது. ஐந்தாவது பாடத்தின் முதல் பக்கத்தைப் புரட்டும்போது ரயில் தன் மீதிக் கூவலைக் கூவியது.

சண்முகத்தாய் "ஆத்தே" என்று நாற்காலியில் சரிந்தாள். காப்பி மடியில் கொட்டியது. கால் இரண்டும் வெடவெடவென்று ஆடின, இடுப்பைப் பிடித்த கையை எடுக்க முடியவில்லை. "என்னன்னு தெரியலையே தாயி, ஒடம்பு வெட்டிப் போட்ட மாதிரி இருக்கே." மகளின் முகத்தைப் பார்த்தவுடன் வலியை முழுங்கிக்கொண்டு, "படிச்சியா?" என்று கேட்டாள்.

"நாலு பாடம் முடிச்சேன்மா."

"இன்னும் ஒன்னா? அந்தா கீழ கெடக்குல்ல பஞ்சு, அத வச்சு அதையும் முடிச்சிரு. நா உக்காந்துதான இருக்கேன்."

ஒன்பது கைப்பிடி. ஐந்தாவது பாடத்துக்கு ஒன்பது மணி நேரம் தாராளம். அந்தப் பாடத்திலிருந்து முப்பது மார்க்குக்குக் கேள்வி வரும் என்று மாரீஸ்வரிக்குத் தெரியும். அவள் ஒன்பதையும் பொறுக்கினாள். நூல்சேலை உறைக்குள் அடைத்தாள். பாயை விரித்து, அம்மாவைக் கைத்தாங்கலாகப் படுக்கவைத்து, வேண்டாம் வேண்டாம் என்று தடுத்த கையை விலக்கி, தலைக்கடியில் வைத்தாள். அவள் உட்கார்ந்திருக்கலாம், படுத்துக்கொண்டிருக்கலாம், விதி அவளுக்குத் தெரிந்ததுதான். உட்காரவில்லை. காலி டம்ளரைக் கையில் எடுத்து, அம்மா நின்ற இடத்தில், அம்மா நின்றது போலவே இடுப்பைப் பாதி வளைத்து நின்றாள்.

கண் சிமிட்டினாள். சண்முகத்தாய் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு அவளுடைய கண்வெள்ளை வெள்ளையாக இருந்தது.

"ஏ மாரி, ஏன் குனிஞ்சு நிக்க?"

"சும்மாதாம்மா" என்றாள் மாரீஸ்வரி. நிமிர முடியவில்லை.

அன்றைக்கு மிச்சமிருந்த நேரத்தில் அவளால் பல்லைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுக்கத்தான் முடிந்தது. மறுநாள் சுவரைப் பிடித்து நொண்டி நொண்டிப் பரீட்சைக்குப் போனாள். ஐந்தாவது பாடத்துக் கேள்விகளைத் தொடாமல் விட்டாள். ஒன்றரை மாதம் கழித்து முடிவு வந்தபோது, தேறுவதற்கு ஐம்பது வேண்டும், அவளுக்கு வந்தது ஐம்பத்தொன்று. குருவம்மாள் அண்டாவில் கேசரி கிண்டி எட்டு வீட்டுக்கும் கொடுத்தாள். சங்கிலிராஜ் சந்தோஷமாக ஜன்னலோரச் சீட்டைப் பக்கத்துத் தெருப் பெண் ஒருத்திக்குக் கொடுத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பஞ்சு விழவில்லை. ஒரு வாரம் மேசைக்கடியில் குனிந்து பார்த்தார்கள், பிறகு வருவதை நிறுத்திவிட்டார்கள். சுவரில் கரிக்கோடு அழிந்தது. கருவளையம் ஒவ்வொருவர் கண்ணுக்கடியிலும் சொந்த வீட்டுக்குத் திரும்பி வருவதுபோல வந்தது. பரிசலில் இருந்தவர் யார் என்று வேனில் இப்போதும் கேட்கிறார்கள். "தூங்கிப் பாத்தாத்தான தெரியும்" என்று வெள்ளத்தாய் சொல்கிறாள். மாரீஸ்வரி மேல் யாருக்கும் ஒரு சொட்டுக் கோபம் இல்லை, அதுதான் அவளைக் கொன்றது.

ஒருநாள் விடியற்காலை ஐந்து மணிக்கு, இன்னும் இடுப்பு சரியாக நிமிராத அம்மாவின் தூக்குவாளியைத் தூக்கிக்கொண்டு வேன் நிற்கும் இடம்வரை மாரீஸ்வரி போனாள். சாலையோரம் பெண்கள் நின்றுகொண்டே கண்ணை மூடியிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் குருவம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"ஏ மாரி, மேல ஏதோ பரீட்ச எழுதப் போறியாமே?"

"ஆமா அத்தை. கவர்மெண்டு வேலைக்கு. ஆறு மாசம் கெடக்கு."

"ஆறு மாசமா?" குருவம்மாளின் கட்டைக் குரல் அப்படி இளகி யாரும் கேட்டதில்லை. "படி தாயி, நல்லாப் படி. என்ன, கொஞ்சம் மெதுவாப் படி."

வெள்ளத்தாய் தழும்பேறிய உள்ளங்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு கேட்டாள். "எப்பத்தா ஆரம்பிக்கப் போற?"

மாரீஸ்வரி ஏற்கெனவே ஆரம்பித்துவிட்டாள். நாலு மணிக்கே எழுந்து ஒரு பாடம் முடித்திருந்தாள். புத்தகம் வீட்டில் மேசைமேல் திறந்தபடி கிடந்தது. அவள் அந்தச் சிவந்த கண்களைப் பார்த்தாள்.

"நாளைக்குத்தான் அத்தை" என்றாள்.

சண்முகத்தாய் உட்பட எல்லாப் பெண்களும் சட்டென்று குனிந்து அவள் காலடியைப் பார்த்தார்கள். அங்கே கரிசல் மண்ணைத் தவிர ஒன்றும் இல்லை. வேன் வந்து ஹாரன் அடித்தது. ஒவ்வொருவராக ஏறினார்கள்.